தீப்பெட்டி ஆபீசிலிருந்து பள்ளிக்கூடத்திற்கு

வானம் பார்த்த பூமி நம்முடையது. வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் கரிசலில் கம்பும் பருத்தியும் உண்டு. பொய்த்தால் அதுவும் இல்லை. ஆனால் உழவனை வாட்டிய அதே வெயில்தான் தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு உகந்ததாயிற்று!

1922-ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அடுத்த ஆண்டே இங்குத் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அதனால் அச்சகங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு வரவு நின்றுபோகவே, பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியது. நேரு அவர்கள் சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று பாராட்டியதாக நம் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறோம்.

பெருமை இருக்கட்டும், வேலை செய்த கைகள் யாருடையவை? கையால் செய்யும் தீப்பெட்டிக்கு அரசு வரிச் சலுகை அளித்தது. ஆகவே இயந்திரங்களைவிடக் கைகளே அதிகம் தேவைப்பட்டன. சட்டத்தில் குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும் பெண்களும் சிறுமியருமே மிகுதியாகச் சென்றனர். விடியுமுன் இருட்டோடு பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தாயே தூக்கி ஏற்றிவிடுவாளாம். மாதச் சம்பளம் கிடையாது. அடுக்கிய கணக்குக்குத்தான் கூலி. வீட்டுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் அது தீரும்வரை பிள்ளை பள்ளிக்குத் திரும்ப முடியாது. எங்கள் வகுப்பில் பலருடைய பாட்டிமார் அப்படி வளர்ந்தவர்களே. கையெழுத்துப் போடச் சொன்னால் பெருவிரலை நீட்டும் அவர்கள், குச்சியை எண்ணச் சொன்னால் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1888-இல் இலண்டன் மாநகரில் ஏறத்தாழ 1400 தீப்பெட்டித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் கையாண்ட வெண்பாஸ்பரஸ் தாடை எலும்பையே அரித்துவிடும் நஞ்சாகும். 1910 முதல் அங்கு அது தடைசெய்யப்பட்டது. போருக்குப் பின் 1947-இல் பள்ளியை விட்டு விலகும் வயது 15 ஆகவும், 1972-இல் 16 ஆகவும் அங்கு உயர்த்தப்பட்டது.

நம் நாட்டில் அதே மாற்றம் மெல்லத்தான் வந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது. ஆயினும் அவர் பிறந்த மண்ணிலேயே பஸ்கள் நிற்கவில்லை. 1986-இல் வந்த சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் அமர்த்துவதைத் தடுத்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், அப்படி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ. 20,000 செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2016-இல் அபாயத் தொழில்களுக்கு வயது வரம்பு 18 ஆயிற்று.

பிள்ளைகள் விலகினர், தாய்மார் இன்னும் செல்கின்றனர். தீப்பெட்டியில் இயந்திரங்கள் பெருகி, குச்சி அடுக்கும் வேலை அருகிவிட்டது. போதாததற்கு மலிவான லைட்டர் வேறு வந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023-இல் மத்திய அரசு தடுக்கவேண்டியதாயிற்று. பட்டாசிலோ, 2018-இல் உச்ச நீதிமன்றம் காற்று மாசைக் கருதிப் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. டில்லியின் மூச்சுத் திணறலும் மெய்தான். ஆனால் சரம் பின்னியே பிழைத்த பெண்களின் கைகள் ஓய்ந்துபோனதும் மெய்தானே!

விபத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தவர்களே அல்லர்; உதவ ஓடியவர்களும் பார்க்கச் சென்றவர்களும் ஆவர். மருந்து உராய்ந்தாலே தீப்பற்றும். ஆகவேதான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதித்திருக்கிறார்கள். தீபாவளி நெருங்கும் அவசரத்தில் மரத்தடியிலும் வேலை நடந்தால் விதி என்ன செய்யும்?

இன்றும் எங்கள் தோழியருள் சிலருடைய அம்மாமார் காலையில் தூக்குச்சட்டியோடு பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறுகின்றனர். மகளின் பள்ளிக் கட்டணம் அந்தக் கூலியிலிருந்துதான் வருகிறது. வெடிச் சத்தம் எங்காவது கேட்டால், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.