வண்டியின் முன்புறத்தை உயர்த்தலாமா?

"பிக்கப் வண்டியின் ஸ்பிரிங்கைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன பேச்சு?" என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். வண்டி ஆண்களின் காரியம், கராஜ் அவர்கள் போகிற இடம் என்று விட்டுவிடுவதுதான் நம் வழக்கம். ஆனால் அந்த வண்டியை வாங்க அடகு போனது யாருடைய நகை? மாதம் பிறந்தால் லீசிங் தவணைக்கென்று பணத்தை எண்ணி வைப்பது யார்? காய்ச்சலில் துவண்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த வண்டியில் இருப்பது யார்? நீங்கள்தானே! ஆகவே அதன் முன்புறம் உயர்ந்தால் என்ன, பின்புறம் தாழ்ந்தால் என்ன என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயந்தான்.

மண்கும்பானை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியில் இறங்கினால் இரு புறமும் கடல். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டினால் மண்கும்பான். அப்பால் வேலணை. அங்கிருந்து ஒரு பாதை ஊர்காவற்றுறைக்கும், இன்னொன்று கடலைக் கடந்து புங்குடுதீவுக்கும் குறிகட்டுவான் துறைக்கும் போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சாமான்கள் அந்தத் துறையில்தான் படகேறும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பெருந்தொகையானோர் புத்தளம் போய்ச் சேர்ந்ததும், 2009இல் போர் ஓய்ந்த பின் சிலர் மெல்ல மெல்லத் திரும்பியதும் நீங்கள் அறிந்தவை. ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக வாழ்கிற குடும்பத்துக்கு ஒரு வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. மீன் பெட்டி, சீமெந்து மூடை, குடிநீர்த் தாங்கி, கல்யாண வீட்டுச் சட்டி பானை எல்லாவற்றையும் சுமப்பது அதுதான்.

அதிலும் இன்று ஓடுகிற வண்டிகளில் பல வயதானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சாதாரண மக்கள் வாங்கும் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட 5 ஆண்டும் இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். எஞ்சினைத் திருத்தினார்கள், பெயின்ற் அடித்தார்கள். ஸ்பிரிங்கை யார் பார்த்தார்கள்? ஆண்டுதோறும் எடுக்கிற புகைப் பரிசோதனையில் புகையைத்தான் பார்ப்பார்கள், ஸ்பிரிங்கை அல்ல.

இந்த நிலையில்தான் வீட்டில் ஒரு நாள் மகன் சொல்வான்: "உம்மா, வண்டியின் முன்பக்கம் குனிஞ்சு நிக்குது, பாக்க வடிவில்லை. ஒரு லெவலிங் கிட் போட்டால் சமனாக நிக்கும்." படத்தையும் காட்டுவான். படத்தில் வண்டி கம்பீரமாகத்தான் நிற்கும்!

குனிந்து நிற்பது குறையா? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். வெறுமையாக நிற்கும் பிக்கப்பின் பின்புறம் முன்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படிதான் தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள். பின்தட்டில் பாரம் ஏறும்போது ஸ்பிரிங் அமிழும், வண்டி சமனுக்கு வரும். அந்த உயரம் பாரத்துக்கென்று விட்டுவைத்த இடம். தைக்கும்போது பிள்ளை வளரும் என்று சட்டையில் மடிப்பு விட்டுவைப்பீர்களே, அதுபோலத்தான். லெவலிங் கிட் என்பது முன்புறத்தை ஒன்று முதல் இரண்டரை அங்குலம் வரை தூக்கி, வெறும் வண்டியைச் சமனாக நிறுத்துகிற உதிரிப்பாகத் தொகுதி. அப்படிச் சமனாக நிற்கிற வண்டியில் பாரத்தை ஏற்றினால் என்னவாகும்? பின்புறம் அமிழும், மூக்கு வானத்தைப் பார்க்கும்.

எனவே, வீட்டில் பேச்சு எழுந்ததும் முதலில் கேட்க வேண்டியது கிட்டின் விலையை அல்ல. "இந்த வண்டி மாதத்தில் எத்தனை நாள் பாரத்தோடு ஓடுகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வெறுமையாக, ஆட்களோடு மட்டும் ஓடுகிற டபுள் கேப்புக்கு முன்புறத்தைச் சிறிது உயர்த்துவதில் பெரிய தீங்கில்லை. கரடுமுரடான ஒழுங்கைகளில் அடி தட்டாமல் போக உதவவும் கூடும். தினம் மீனும் ஐஸும் சுமக்கிற வண்டிக்கு அது வேண்டாத வேலை. என்னைக் கேட்டால், தீவகத்தில் உழைக்கிற பெரும்பாலான வண்டிகளுக்கு முன்புறத்தில் ஒரு வேலையும் இல்லை என்பேன்.

இரண்டாவது காரியம், அளப்பது. இதற்கு மெக்கானிக் வேண்டாம். உங்கள் தையல் நாடா போதும். வண்டியை வெறுமையாக, சமதரையில் நிறுத்தச் சொல்லுங்கள். பள்ளிவாசல் முற்றமோ சீமெந்துத் தரையோ நல்லது. மணலில் வேண்டாம், மணல் ஏமாற்றும். ஒவ்வொரு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை அளந்து, நான்கு கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முன் இடதுக்கும் முன் வலதுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அது கிட் போட்டுச் சரிசெய்கிற குறையல்ல. ஏதோ ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. அதை மாற்றினாலே வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் வட்டை வைத்து உயர்த்துவது, உழுத்த கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைப்பது போன்றது.

முன்புறம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கிட்டும் அமையும். 2004க்குப் பின் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் முன்சக்கரத்தைச் சுருள் ஸ்பிரிங் தாங்குகிறது. ஷொக் அப்சோபரும் அதற்குள்ளேயே இருக்கும். இவற்றுக்கு மேலே ஒரு தடித்த உலோக வட்டை வைத்து உயர்த்துவதே மலிவான கிட். ஒன்றைக் கவனியுங்கள். அரை அங்குல வட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல் உட்பக்கமாகத் தள்ளி அமர்ந்திருப்பதே காரணம். "இரண்டு அங்குல கிட்" என்று கடைக்காரர் சொன்னால், வட்டின் தடிப்பா, வண்டி உயர்கிற அளவா என்று கேட்க வேண்டும். முன்சக்கரமும் இழுக்கிற நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால், சக்கரத்துக்குப் போகிற அச்சுத்தண்டின் மூட்டு அளவுக்கு மேல் வளையும், ரப்பர் உறை கிழியும், கிறீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். இரண்டு அங்குலத்துக்கு மேல் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதற்கு முந்திய ஹைலக்ஸ், பழைய மிட்சுபிஷி எல்200, நிசான் ஆகியவற்றில் பலவற்றுக்கு முன்புறத்தில் சுருளே இல்லை. முறுக்கப்பட்டு நிற்கும் நீண்ட இரும்புத் தண்டு ஒன்றுதான் ஸ்பிரிங். அதில் ஒரு போல்டை இறுக்கினால் முன்புறம் உயரும். செலவு கொஞ்சந்தான், அதனால்தான் ஆபத்தும். "இன்னும் இரண்டு சுற்று" என்று இறுக்கிக்கொண்டே போனால், சக்கரம் குழியில் இறங்குவதற்கு இடமில்லாமல் போய், வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறபோது தெரியும் அந்த இரண்டு சுற்றின் விலை. பட்டா என்று நாம் சொல்கிற டாட்டா ஏஸுக்கோ முன்னும் பின்னும் ஸ்பிரிங் பிளேட்தான். அதற்குச் சுருள் ஸ்பிரிங் கிட் எதுவும் பொருந்தாது. முன் அச்சுக்கும் பிளேட்டுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துகிறோம் என்று யாராவது முன்வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டை நகர்ந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

எந்த முறையில் உயர்த்தினாலும் முன்சக்கரங்களின் சாய்வு மாறும். வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் புது டயரின் ஒரு விளிம்பு சில மாதங்களிலேயே மொட்டையாகிவிடும். டயர் விலை தெரிந்த வீட்டுக்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி விளக்கு. பலரும் மறக்கிற விஷயம் இது. தாழ்ந்த ஹெட்லைட்டின் ஒளி 10 மீட்டர் தூரம் போவதற்குள் சுமார் 10 சென்டிமீட்டர் கீழிறங்கும்படி வைத்திருப்பார்கள். ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டருக்குச் சற்று அதிகம். முன்புறத்தை மட்டும் இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், அதே 10 மீட்டரில் ஒளி 16 சென்டிமீட்டர் மேலே எழும். கழித்துப் பாருங்கள். கீழிறங்க வேண்டிய ஒளி இப்போது விளக்கின் மட்டத்துக்கு மேலே 6 சென்டிமீட்டர் ஏறிப் போகிறது. பண்ணைத் தாம்போதியில் இரவில் எதிரே சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வருகிறவரின் கண்ணில்தான் அது நேரே விழும். ஒதுங்க இடமில்லை, இரு பக்கமும் தண்ணீர். பின்தட்டில் பாரம் அளவுக்கு மேல் ஏறினாலும் இதே கதைதான் நடக்கும். சில வண்டிகளில் ஸ்டியரிங்கின் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம் ஒன்று இருக்கும். பாரத்துக்கேற்ப விளக்கைத் தாழ்த்துவதற்குத்தான் அது. அதைத் தொட்டே பார்க்காத ஓட்டுநர்கள் எத்தனையோ பேர்!

உண்மையான சிக்கல் பெரும்பாலும் பின்புறத்தில்தான் இருக்கும். "முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது", "ஸ்டியரிங் லேசாக இருக்கிறது" என்று வீட்டுக்காரர் முறையிட்டால் முன்புறத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். பாரத்தைக் கணக்கிடுங்கள். தீவகத்தில் பல இடங்களில் கிணற்று நீர் உவர். குடிநீர் வண்டியில் போகிறது. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 1000 லீட்டர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். பெரிய பிக்கப்பின் முழுச் சுமையே ஏறத்தாழ அவ்வளவுதான். டாட்டா ஏஸின் சுமை முக்கால் தொன்! ஓட்டுநரும் உதவியாளும் ஏறுமுன்பே கணக்குத் தாண்டிவிட்டது. அரைத் தாங்கித் தண்ணீர் இன்னும் பொல்லாதது. திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாடும், பிரேக்கில் முன்னுக்குப் பாயும். 500 லீட்டர் தாங்கியை நிறைத்து, பின்கதவோரம் வைக்காமல் கபினை ஒட்டி வைத்து இறுக்கிக் கட்டினால் வண்டியின் நிலை அப்போதே மாறும். செலவு ஒரு கயிறு மட்டுமே.

அப்படியும் பின்புறம் அமிழ்ந்தால், பழைய பிளேட்டுகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். அவற்றை மாற்றுவது ஒரு வழி. மேலதிகமாக ஒரு பிளேட் சேர்ப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவதைக் கராஜில் அரை நாளில் முடித்துத் தருவார்கள். ஆனால் அதில் ஒரு மறைவான குழப்பம் உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு சிறு தண்டும், அதன் முனையில் ஒரு பிரேக் வால்வும் இருக்கும். பின்புறம் உயர்ந்து நின்றால் பாரம் இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். மேலதிக பிளேட் போட்டுப் பின்புறத்தை உயர்த்திவிட்டு அந்தத் தண்டைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரு தொன் பாரம் ஏற்றிய போதும் வால்வு அதே எண்ணத்தில்தான் இருக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். "பிரேக் வால்வின் தண்டைச் சரிசெய்தீர்களா?" என்று கேளுங்கள். மெக்கானிக் முழித்தால் வேறு கராஜ் பாருங்கள். இன்னொன்று: பிளேட் கூடினால் வண்டியின் முதுகு விறைக்கும், அவ்வளவே. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான். சுமக்கும் அளவு ஒரு கிலோவும் கூடாது.

உப்பைச் சொல்லாமல் விட முடியாது. கடற்காற்றும், மீன் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீரும் பிளேட்டுகளின் இடுக்கில் புகுந்து துருவை வளர்க்கும். துருப்பிடித்த பிளேட்டில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் பாரத்தோடு போகும்போது முறியும். மீன் ஏற்றிய நாள் இரவில் அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். தண்ணீருக்குத் தட்டுப்பாடுள்ள வீடென்றால் துணி அலசிய கடைசித் தண்ணீரே போதும்.

கிட் போடுவது என்று முடிவாகிவிட்டால், விலை பேசும்போதே கிட், கூலி, அலைன்மென்ட், விளக்கைத் திருத்துவது என்று நான்கையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். காப்புறுதிக் கொம்பனிக்குக் கடிதம் எழுதி, பதிலையும் எழுத்தில் பெற்று, லீசிங் பத்திரங்களோடு வையுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் அதையே காரணமாக்கி நட்டஈட்டை மறுக்கக்கூடும்.

வண்டி கராஜிலிருந்து வந்த அன்று மாலையே அந்தக் கொப்பியை எடுங்கள். நான்கு சக்கரத்திலும் மறுபடி அளந்து, பழைய கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இருட்டியதும் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, தாழ்ந்த விளக்கைப் போடச் சொல்லுங்கள். ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்கு அரைச் சாண் அளவுக்குச் சற்றுக் குறையக் கீழே விழ வேண்டும். மேலே ஏறியிருந்தால் மறுநாள் காலையில் வண்டி திரும்பவும் கராஜுக்கு. 500 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்க வேண்டும். அந்தத் திகதியையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.