சிறுபொழுதும் காளையின் எடையும்

தமிழ் இலக்கண மரபு பொழுதினைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகப் பகுக்கும். ஆனிரை மேய்க்கும் முல்லை நிலத்துக்குக் கார்காலமும் மாலையும் உரியன என நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அப்பகுப்பு, பேராக் மாநிலத்தில் இறைச்சிக் காளை வளர்ப்போர்க்கும் பயன்படுவதாகும்.

குளிர்நாடுகளில் காளையின் எடையைப் பெரும்பொழுது ஆள்கிறது. கடுங்குளிரில், உண்ட தீவனத்தின் ஒரு பகுதி உடற்சூட்டைக் காக்கவே செலவாகிறது. ஈப்போவிலோ மாதங்களுக்கிடையே வெப்ப வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் விடியலில் ஏறத்தாழ 24 பாகை செல்சியசாக இருக்கும் வெப்பம், பிற்பகலில் 33 பாகையை எட்டுகிறது. ஆகவே இங்கு ஆள்வது சிறுபொழுதே.

மாட்டின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை. இரைப்பையின் முதல் அறையில் புல் நொதிக்கும்போதும் வெப்பம் பிறக்கிறது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உள்ளே பிறந்த சூடு வெளியேறாதபோது மாடு மூச்சிரைக்கிறது. மேலும் சூடு பிறவாதிருக்க உண்பதைக் குறைத்துக்கொள்கிறது. இதனால் நோய் ஏதுமின்றியே எடையேற்றம் தளர்கிறது.

திமிலுடைய இனங்கள் இவ்வெப்பத்தை நன்கு தாங்கும். நம் நாட்டுக் கெடா-கிளந்தான் மாடு அத்தகையது. எனினும் அது சிற்றுடல் கொண்டது. ஐரோப்பியப் பேரினங்கள் விரைந்து வளரக்கூடியவை. ஆயினும் நம் நண்பகலில் தளர்ந்துவிடும். எனவே இரண்டையும் கலந்த இனங்களைப் பலர் நாடுகின்றனர்.

தோட்டங்களில் பால்மர நிழல் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. மரங்கள் வெட்டப்பட்டு நிலம் வீடமைப்புக்குச் சென்ற இடங்களில், மாடுகள் வெட்டவெளியிலோ தாழ்ந்த தகரக் கொட்டகையிலோ நிற்கின்றன. சில மாடுகளையே நம்பிய குடும்பத்துக்கு இது வருவாய் இழப்பாகும்.

தீர்வு அரிதன்று. தீவனத்தின் பெரும்பங்கை மாலையிலும் வைகறையிலும் இடுதல் வேண்டும். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் அவ்வேளைகளில் கொடுக்கலாம். கூரையை உயர்த்திக் காற்றோட்டம் அளித்தல், நாள் முழுதும் தண்ணீர் வைத்தல், கொட்டகையருகே மரம் நடுதல் ஆகியவையும் இன்றியமையாதன. மழை குறையும் மாதங்களில் புல் மெலிவதால், அப்போது கூடுதல் தீவனம் வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளையொட்டிக் காளைகளுக்குத் தேவை மிகும். அந்நாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னகரும். எம்மாதத்தில் அது வரினும், விலையை முடிவு செய்யும் எடை, மாலைப் பொழுதின் தீவனத்தொட்டியில்தான் சேர்கிறது. முல்லைக்கு மாலையை உரிமையாக்கிய மரபை மாணவர்க்கு விளக்கும்போது, இவ்வுண்மையையும் நாம் உடன் எடுத்துரைக்கலாம்.