பிரபுவின் பார்வைக்காகக் கட்டிய கிராமம்

வீட்டுத் திட்டம் ஒன்றின் வரைபடத்தைப் பார்க்கும்போது, வீதி நேராக உள்ளதா, வீடுகள் ஒழுங்காக உள்ளனவா என்றே நாம் முதலில் கவனிக்கிறோம். அந்த ஒழுங்கு யாருக்காக என்று கேட்பது குறைவு. இங்கிலாந்தின் டோசெற் பகுதியிலுள்ள மில்ற்றன் அபாஸ் என்னும் கிராமம் அக்கேள்வியை எழுப்புகிறது.

பழைய துறவிமடம் ஒன்றின் அருகே, நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும் சந்தையும் பாடசாலையும் கொண்ட சிறு பட்டினம் அங்கு இருந்தது. 1752இல் அந்நிலத்தை வாங்கிய ஜோசப் டேமர் என்னும் மில்ற்றன் பிரபு, தமது மாளிகையருகே பட்டினம் இருப்பதை விரும்பவில்லை. குத்தகைகள் முடிய முடிய வீடுகளை இடிப்பித்தார். வில்லியம் ஹரிசன் என்ற சட்டத்தரணி மட்டும் வெளியேற மறுத்தார். பிரபு குளத்து மதகைத் திறந்து அவரது வீட்டுக்குள் வெள்ளத்தை விட்டார் என்றும், வழக்கில் ஹரிசனே வென்றார் என்றும் கூறுவர்.

மக்களுக்கான புதிய கிராமம், மாளிகையின் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தாக்கில் 1770களில் எழுந்தது. லான்சிலற் பிரவுண், வில்லியம் சேம்பர்ஸ் என்போர் அதன் அமைப்பில் பங்குகொண்டனர். வளைந்து இறங்கும் ஒரே வீதி. அதன் இருபுறமும் ஒரே வடிவில் 35இற்கு மேற்பட்ட வீடுகள். வைக்கோல் கலந்த களிமண்ணாலான தடித்த சுவர், வெள்ளைப் பூச்சு, வேய்ந்த கூரை. முன்னே புற்றரை. 1674இல் கட்டப்பட்ட ஏழைகள் இல்லத்தையும் பெயர்த்து வந்து, 1779இல் இங்கு மீண்டும் கட்டினர்.

வெளியே அழகு, உள்ளே? ஒவ்வொரு வீடும் இரு குடும்பங்களுக்கானது. வாசற்கதவு ஒன்றே. அதனுள் சிறு நடை. அதிலிருந்து இருபக்கமும் இரு குடும்பத்தாரும் பிரிந்து செல்வர். வீதியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு பெரிய வீடு. உள்ளே வாழ்பவருக்கோ பாதி வீடு. மடத்தின் பேராலயம் பிரபுவின் தனி ஆலயமாயிற்று. மக்களுக்கென 1786இல் வேறோர் ஆலயம் கட்டப்பட்டது. பழைய பட்டினத்தின் ஒரு பகுதி அலங்கார ஏரியின் அடியில் போயிற்று.

அவ்வீடுகள் உறுதியானவை என்பதை நாம் மறுக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றில் மக்கள் வாழ்கின்றனர். நல்ல அடித்தளமும் நல்ல கூரையும் இருந்தால் மண் சுவர் நிலைக்கும் என்பதற்கு அவை சான்று. ஆனால் சந்தை எங்கே, அயலவர் யார், கதவு எத்தனை என்று அம்மக்களை எவரும் கேட்கவில்லை. சுவர் நிலைத்தது, ஊர் நிலைக்கவில்லை.

ஆகவே, அடுத்த வரைபடம் எம்முன் விரிக்கப்படும்போது வீதியில் நின்று பார்ப்பதோடு நிற்காமல், கதவைத் திறந்து உள்ளே சென்றும் பார்ப்போமா?