ஆறும் ஒரு கூட்டுக் கணக்கே

அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் நெய்யாறு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடி, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாறில் அரபிக்கடலைச் சேர்கிறது. தெற்கே பாறசாலை, அதையடுத்துத் தமிழ்நாட்டின் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 அன்று இவ்வூர்களுக்கிடையே மாநில எல்லை பிறந்தது. நெய்யாற்று நீரைப் பங்கிடுவது குறித்த வழக்கைத் தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றது. நீரின் அளவைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அதன் தூய்மையைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை.

ஒரு மழைத்துளி எந்த ஆற்றை அடைகிறதோ, அது விழுந்த நிலம் அவ்வாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. ரப்பர் பால் உறையவைத்த அமிலநீர், வாழைத்தோட்டத்தின் உரம், கழிவுநீர்த் தொட்டியின் கசிவு, சந்தைக் குப்பை ஆகிய யாவும் அதே வழியில்தான் இறங்குகின்றன. கோடையில் நீரோட்டம் குறைந்து, பொழிமுகத்தை மணல்திட்டு அடைத்துவிட்டால், அவை கழிமுகத்திலேயே தேங்குகின்றன. உரச்சத்தால் பாசி பெருகுகிறது. அது அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன் குஞ்சுகள் மடிகின்றன. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் உப்புநீர் உள்ளேறிக் கிணறுகளைக் கெடுக்கிறது. ஆற்றுமணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தக் கேரளம் 2001-இல் தனிச்சட்டமே இயற்றியது.

பூவாறிலிருந்து தேங்காப்பட்டணம் நோக்கி 19ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், இன்று இரு மாநிலக் கடலோரக் கிராமங்களிலும் தூர்ந்து கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தூர்வாரினால் மறுபக்கக் குப்பை மீண்டும் வந்து சேரும்.

ஐரோப்பாவின் ரைன் ஆற்றங்கரை நாடுகள் 1950 முதலே ஒரு பொது ஆணையத்தில் இணைந்திருந்தன. ஆயினும் 1986-இல் பாசல் நகருக்கு அருகே வேதிப்பொருள் கிடங்கு எரிந்து மீன்கள் மடிந்த பிறகே, காலக்கெடுவுடன் செயல்திட்டம் வகுத்தன. பின்னர் சால்மன் மீன்கள் அவ்வாற்றுக்குத் திரும்பின.

இங்கும் பெரிய ஏற்பாடுகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. எல்லையின் இருபுறத்து ஊராட்சிகளும் ஒரே நாளில், ஒரே முறையில் நீரைச் சோதித்து முடிவுகளைப் பகிரலாம். ஓடைக்கரைகளில் மரம் வளர்க்கலாம். கழிவுநீர்த் தொட்டிகளைத் துப்புரவு செய்யும் வண்டிகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கலாம். செலவு மேட்டு நிலத்தாருக்கும் பயன் கடலோர மீனவருக்கும் என்றால் எந்த ஏற்பாடும் நிலைக்காது. ஆகவே செலவையும் பகிர்ந்தே ஏற்க வேண்டும்.

கூட்டுக் கணக்கில் ஒருவர் எடுத்துக்கொண்டே இருந்தால் இருப்புக் குறைவது இருவருக்கும்தான். ஆற்றின் கணக்கும் அதுவே.