மதகு திறக்கும் முன் நமக்குத் தெரிய வேண்டும்

மழைக்காலம் வந்தால் தறிக்காரர் வீட்டில் கவலை குழியில்தான் தொடங்கும். வாசற்படி நனையும் முன்பே குழித்தறியின் கால்குழியில் தண்ணீர் ஊறிவிடும். பாவு ஏற்றிய தறியை இரவோடு இரவாகத் தூக்கி வைக்க முடியாது. அதனால்தான், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் எப்போது வரும் என்ற செய்தி சந்தவாசல், ஆரணிப் பக்கத்து நெசவாளிக்குப் பிழைப்போடு ஒட்டியது.

நமக்கு மேலே, படவேட்டைத் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை இருக்கிறது. உயரம் சுமார் 62 அடி, கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. அங்கே திறக்கும் தண்ணீர் கமண்டல நதியாக இறங்கி, நாகநதியோடு சேர்ந்து, ஆரணியைத் தொட்டுச் செய்யாற்றில் கலக்கிறது. கட்டி முடித்த பிறகும் ஷட்டர்கள் ஒழுங்காக இயங்காததால், பல ஆண்டுகள் இந்த அணையில் முழு அளவுக்குத் தண்ணீரைத் தேக்க முடியவில்லை. இப்போது தேங்குகிறது. ஆகவே திறக்கவும் செய்வார்கள்.

திறப்பு எப்படிப் போகலாம் என்பதை நம் மாவட்டமே பார்த்தது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். கணக்குப் போட்டால், ஒவ்வொரு நொடிக்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஏறக்குறைய நானூறு. ஃபெஞ்சல் புயல் மழையில், அணைக்கு மேலே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அணையோ ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் திறந்த அகரம்பள்ளிப்பட்டு பாலம் போய்விட்டது. விழுப்புரம், கடலூர் ஊர்கள் மூழ்கின. படிப்படியாக எச்சரித்தோம் என்றது அரசு; முன்னறிவிப்பே இல்லை என்றன எதிர்க்கட்சிகள். யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ‘1.68 லட்சம் கன அடி’ என்று கேட்டவருக்கு, தன் தெருவில் தண்ணீர் முழங்கால் வருமா, கூரை வரை வருமா என்று யாரும் சொல்லவில்லை என்றால் அது எச்சரிக்கையே அல்ல.

பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதே அணையில் காலியிடம் வேண்டும். இந்த இழுபறியில் முடிவு எடுப்பவர் அதிகாரி, நனைபவர் நாம்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு பிடி தருகிறது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் இதில் வரும்; செண்பகத்தோப்பின் 62 அடி என்பது சுமார் 19 மீட்டர். அணையை வைத்திருப்பவர் நீர்வரத்தைக் கணிக்கும் ஏற்பாட்டையும், கீழ்ப்பகுதிக்கு வெள்ள எச்சரிக்கை ஏற்பாட்டையும் செய்ய வேண்டும்; வரத்து, வெளியேற்றம், எச்சரிக்கை விவரங்களைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். அவசரகாலச் செயல்திட்டமும் கட்டாயம். பழைய அணைகளுக்கு, சட்டம் நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30 முதல் ஐந்து ஆண்டு அவகாசம்.

அந்தத் திட்டத்தில் நம் ஊர் இருக்கிறதா என்று கேட்க 10 ரூபாய் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீர்வளத் துறைக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்; உயிர் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரம். வெள்ளம் வந்துவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

தறி நனைந்துவிட்டால் சும்மா துடைத்து வைத்துவிடாதீர்கள். தறி, பாவு, பட்டு நூல், முடித்த சேலை எல்லாவற்றையும் முதலில் படம் எடுங்கள். பேரிடர் நிவாரண நிதி விதியில் கைத்தறியாளரின் கருவிச் சேதத்துக்கும் மூலப்பொருள் சேதத்துக்கும் தனித்தனியே உதவித்தொகை உண்டு. அதிகாரியின் சான்று இல்லாமல் அது கிடைக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

அணைக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மதகுக்குக் கீழே பாறையில் உட்காராதீர்கள். மின் உற்பத்தி தொடங்கினாலும் ஆறு ஏறும், மேலே மழையே இல்லாவிட்டாலும்.

அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருவது. அன்று ஒரே தீர்மானம் போடுங்கள்: செண்பகத்தோப்பில் மதகு திறக்கும் முன் எத்தனை மணி நேரத்துக்கு முன்னால், எந்தத் தெருவுக்கு, யார் வந்து சொல்வார் என்று எழுதித் தரக் கேட்டு.