கேமுக்கு ஒரு தனி பார்ட்டிஷன்

2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியைத் திறந்த மாணவர்கள் பலருக்கு, ஒரே கணினிக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருக்கலாம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. விண்டோஸ் ஒன்று, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொன்று. பாடம் படிக்க எதுவும் போதும். ஜிடிஏ வைஸ் சிட்டி ஆட வேண்டுமென்றால் விண்டோஸ்தான்.

லினக்ஸை விரும்பி வைத்துக்கொண்டவர்களுக்கும் அதே நிலைதான். வேலையெல்லாம் உபுண்டுவில் நடக்கும். கேமுக்காக மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய துண்டை விண்டோஸுக்கு விட்டுவைப்பார்கள். ஓர் ஆட்டம் போடலாம் என்று தோன்றினால், திறந்து கிடப்பதையெல்லாம் மூடி, ரீஸ்டார்ட் செய்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் கீழே இறங்கி விண்டோஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதே பெரும் பாடு. பழைய எம்பிஆர் முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் கிடையாது. லேப்டாப் கம்பெனிக்காரர்களே ரெக்கவரி அது இது என்று பாதியை எடுத்துக்கொண்டிருப்பார்கள். விண்டோஸை மறுபடி போட்டால் முதல் செக்டரில் இருந்த கிரப் அழிந்துபோகும். லைவ் சிடி தேடி ஓட வேண்டும். போதாததற்கு, கடிகாரமும் குழம்பும். லினக்ஸ் மதர்போர்டில் யுடிசி நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். இரவு 9 மணிக்கு விளையாட உட்கார்ந்தால் திரை மூலையில் பிற்பகல் 3.30 என்று நிற்கும். இந்த ஐந்தரை மணி நேரப் பிசகு இன்றும் தீரவில்லை. ஒரு செட்டிங்கை மாற்றினால்தான் சரியாகும்.

விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் புதிய கேம்கள் அதில் தடுமாறின. நியர் ஆட்டோமேட்டா என்ற ஒரே கேமை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் பிலிப் ரெபோல் எழுதத் தொடங்கிய டிஎக்ஸ்விகே, விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை, லினக்ஸில் ஓடும் வல்கனுக்கு மாற்றிக் கொடுத்தது. ஒருவருடைய ஆசை எத்தனை பேருக்கு வழி திறந்துவிட்டது! வால்வ் நிறுவனம் இதையும் வைனையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவி அதன்மேல்தான் நிற்கிறது.

இன்று லினக்ஸில் ஸ்டீமைத் திறந்து எல்டன் ரிங்கையோ விட்சர் 3-ஐயோ இன்ஸ்டால் செய்தால், ஷேடர் தயாராகும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். காற்று திசை மாறியும் வீசுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் கேமுக்காகவே பாஸைட் போன்ற லினக்ஸைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆன்லைன் ஆட்டங்கள் பலவற்றுக்குக் கதவு மூடித்தான் இருக்கிறது. வாலரண்ட் கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்டு, விண்டோஸ் கெர்னலுக்குள் உட்கார்ந்து கண்காணிக்கும். லினக்ஸில் அது ஓடாது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்று வேலை நடக்கிறது என்று சொல்லி 2024 அக்டோபர் கடைசியில் அதையும் நிறுத்தினார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அதே ஆண்டு செப்டம்பரில் போனது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு தடுப்பு மென்பொருள்கள் இரண்டுமே லினக்ஸை ஏற்கக்கூடியவை. அதைத் திறந்துவிடுவது கேம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கி, ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒரே நாளில் வெளியே நிறுத்துவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே வாலரண்ட் ஆடுகிறவர்களுக்கு இன்றும் விண்டோஸ் தேவை. லேப்டாப்பில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் விண்டோஸுக்கு அதில் தனி எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள், பார்ட்டிஷன் பிரிக்கும் வேலையே இருக்காது. செக்யூர் பூட்டை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட்டோடு இரண்டும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸைத் திறக்கவே விடாமல் செய்தது.