கரடுப்பாதை கேரவன்

கரடுப்பாதை கேரவன் என்பது நான்கு சக்கர இயக்க வாகனத்தின் பின்னால் கொக்கியிட்டு, மண்சாலைகளில் இழுத்துச் செல்லப்படும் நடமாடும் வீடாகும். திரைப்பட நடிகர்களின் கேரவனைப் போல இதற்குத் தனி எஞ்சின் கிடையாது. ஆஸ்திரேலியாவில் இது பரவலாகப் பயன்படுகிறது.

அங்குள்ள கிப் ஆற்றுச் சாலை போன்ற மண்சாலைகளில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மடிப்புகளைப் போல அடுத்தடுத்து வரும் குறுக்கு மேடுகளே இதன் முதல் எதிரி. ஓயாத அதிர்வில் திருகாணிகள் தளரும். தண்ணீர்க் குழாய்கள் கசியும். மின்கம்பிகள் உராய்ந்து தேயும். டயரின் காற்றழுத்தத்தையும் வேகத்தையும் குறைத்தால் அதிர்வு தணியும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். இல்லையேல் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். வழியில் நிறுத்தும்போது ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மிகுந்த சூடாக இருந்தால், பேரிங்கையோ பிரேக்கையோ உடனே சோதிப்பது நல்லது.

பாரத்தைப் பின்பக்கம் குவிக்கக் கூடாது. கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழ 10% இழுகொக்கியின் மீது இறங்க வேண்டும். இது மிகக் குறைந்தால், வேகமெடுக்கும்போது கேரவன் பக்கவாட்டில் ஆடி, இழுக்கும் வண்டியையும் கவிழ்த்துவிடலாம்.